வியாசர்பாடி ஞாயித்துக்கிழமை ராப் கவுன்சலிங், நாலு மாசம் அனுப்பிட்டு எழுதுறேன்

கவுன்சலிங்னு சொன்னா எம் பையன் வரமாட்டான், ராப் எழுத கத்துக்குடுக்குறாங்கன்னு சொல்லித்தான் கூட்டினு போனேன். ஒம்பதாவது படிக்கிறான். எங்கப்பா தவறுனதுலேர்ந்து வூட்ல யார்கிட்டயும் பேச்சே கிடையாது, ஸ்கூல்ல ஒரு பையன போட்டு அடிச்சிட்டான், அங்க கவுன்சலர்னு வந்தவங்க ஒரு ஃபார்ம் குடுத்து எவ்ளோ சோகமா இருக்கன்னு 1லேர்ந்து 5 வரைக்கும் டிக் பண்ண சொல்லிருக்காங்க, இவன் எல்லாத்துக்கும் 3 போட்டுட்டு வந்துட்டான். அவ்ளோதான் முடிஞ்சுது.

இங்க எட்டு பசங்க, ஒரு மைக், எதிரொலி வராம இருக்க செவுத்துல பெட்ஷீட் மாட்டிருக்காங்க. நடத்துறவங்க சைக்காலஜி படிச்சவங்க, பசங்க அக்கான்னுதான் கூப்புடுதுங்க. மொத நாளே எங்கள உக்கார வெச்சு சொன்னாங்க, 1973ல நியூயார்க் பிராங்க்ஸ்ல கூல் ஹெர்க்னு ஒரு டிஜே பாட்டு போட்ட பார்ட்டிலதான் ஹிப்ஹாப் ஆரம்பிச்சுதாம், அதே ஊர்ல இயன் லெவி அப்டின்னு ஒரு ஸ்கூல் கவுன்சலர் பசங்களோட சேந்து ஸ்கூலுக்குள்ளயே ஸ்டூடியோ போட்டு பாட்டு எழுதுறதையே கவுன்சலிங்கா பண்ணாராம். ஆனா இங்க யாரும் பிராங்க்ஸ் பசங்க மாதிரி பேச வேணாம், உங்க தெருவுல இன்னா பாட்டு கேக்குதோ அதுலேர்ந்து எழுதுங்கன்னாங்க. அங்கதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு.

பையன் எழுதுன நோட்ட அவன் சொல்லாம நம்மகிட்ட காட்டமாட்டாங்க, பாட்ட யூட்யூப்ல போடமாட்டாங்க, உசுருக்கு ஆபத்துன்ற மாதிரி எதனா வந்தா மட்டும் கூப்ட்டு சொல்லுவாங்க. மொதல்ல கோவம் வந்துச்சு, இப்ப புரியுது.

எங்கப்பா டோலக் வாசிப்பாரு. சாவு வூடுன்னா விடிய விடிய கானா பாடுறவங்க கூட உக்காந்திருப்பாரு. அவர் சாவுக்கு கானா வேணாம், அசிங்கமா இருக்கும்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, நானும் வாய மூடினு இருந்துட்டேன். ஒரு நாள் நைட்டு அடுப்பாங்கரைல வந்து இவனே போன்ல ரெக்கார்டிங் போட்டான், பின்னாடி டேபிள்ல தட்டுற தாளம் மட்டும்தான்.

டோலக்கு ஆணில தொங்குது
தாத்தாக்கு அம்மா பாடவுடல

கேஸ ஆஃப் பண்ணிட்டு அப்டியே நின்னுட்டேன். மொதல்ல "யாரும் பாடல"ன்னுதான் எழுதிருந்தானாம், அக்கா அந்த வரிய இன்னொரு வாட்டி படிக்க சொல்லிட்டு "யாரும்னா யாருடா?"ன்னு மட்டும் கேட்டாங்களாம், இவனா அடிச்சிட்டு மாத்திருக்கான். அன்னைக்குத்தான் நாங்க ரெண்டு பேரும் அப்பாவ பத்தி பேசுனோம், அழுதோம், மணி ஒண்ணாச்சு.

கொறன்னா ரெக்கார்டிங் அப்ப ஃபேன் ஆஃப் பண்ணிடுறாங்க, மே மாசம் பசங்க வெந்து போச்சுங்க. எட்டு பேர்ல பொண்ணுங்க ரெண்டே ரெண்டு, அவங்களுக்கு தனியா ஒரு பேட்ச் வெச்சா என் தங்கச்சி பொண்ணையும் அனுப்புவேன். மாசம் 300 ரூபா, முடியாதவங்ககிட்ட கேக்குறதில்ல.

இந்த வாரம் தாத்தா டோலக்க எடுத்துனு போறேன்றான். கயிறு தளந்து கெடக்கு, இறுக்கணும்.