கனவுப் பலன் செயலிகள்: இறந்தவர் கனவில் வந்தால் உதவுமா?

'இறந்தவர்' என்று தட்டினால் பெரும்பாலான செயலிகள் ஒற்றை வரியில் முடித்துவிடுகின்றன: பேசினால் நல்லது, அழுதால் கெடுதல். இறந்தது யார், எப்போது, விழித்தபோது மனசு எப்படி இருந்தது என்று ஒரு கேள்விகூடக் கிடையாது. அம்மாவை இழந்து 2 வாரம் ஆனவருக்கும் 20 வருடம் ஆனவருக்கும் ஒரே பலன்! இதற்குக் காசு கட்டுவது வீண்.

இந்தச் செயலிகளில் உருப்படியானது, கனவைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு பகுதிதான். கனவு அதிகம் வரும் ரெம் (REM) என்ற உறக்கக் கட்டம் விடியலை ஒட்டி நீள்கிறது. விழித்த சில நிமிடங்களில் நினைவு கரைந்துவிடும். கண் விழித்ததும் அசையாமல் படுத்தபடியே, கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கிப் போய்க் குரலில் பதியுங்கள். குரல்பதிவு இல்லாத செயலி வேண்டாம். திரை வெளிச்சமும் வரிசையாய் வந்து விழும் அறிவிப்புகளும் போதும், அப்பா போட்டிருந்த சட்டையின் நிறம் மறந்துபோக. தேதி, முகம் நோயில் வாடியிருந்ததா தெளிவாக இருந்ததா, சொன்ன வார்த்தை, விழித்ததும் வந்த உணர்வு: இவ்வளவு போதும்.

மருத்துவமனைக் காட்சியே திரும்பத் திரும்ப வந்து பயமுறுத்தினால், பகலில் அதன் முடிவை மாற்றி எழுதி, தினம் 10 முதல் 20 நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும் பயிற்சி உண்டு. பலன் பட்டியலில் இதைத் தேடாதீர்கள். தூக்கமே கெட்டுப்போனால் மனநல மருத்துவரிடம் போங்கள், குறிப்பேட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு.