பைத்தானின் டிர்(): பல வருடம் பழகிய பிறகு

ரூபி என்ற புரோகிராமிங் மொழியிலிருந்து பைத்தான் மொழி வேலைக்கு மாறிய நண்பர் போன வாரம் கேட்டார்: "ஒரு ஆப்ஜெக்ட்ல என்னென்ன மெத்தட் இருக்கு, ஒவ்வொண்ணும் எந்த கிளாஸ்ல இருந்து வந்திருக்குன்னு பார்க்க நீங்க என்ன பண்றீங்க?" மெத்தட் என்பது ஆப்ஜெக்ட் செய்யும் வேலை, கிளாஸ் என்பது அந்த ஆப்ஜெக்ட்டை வார்க்கும் அச்சு. ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் டிர்()ஐச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் கேள்வியின் முதல் பாதிக்குத்தான் அதனிடம் பதில் உண்டு. இரண்டாவது பாதிக்கு இத்தனை வருடமாக எனக்கு எரிச்சல்தான் உண்டு.

டிர்() தருவது பெயர்களை மட்டும், அதுவும் ஆங்கில அகரவரிசையில். சொந்த மெத்தட், அப்பா கிளாஸுடையது, தாத்தா கிளாஸுடையது எல்லாம் ஒரே கூட்டம். ஊர் எழுதாத மொய் நோட்டு மாதிரி: பெயர் இருக்கும், எந்த வழி உறவு என்று தெரியாது. சரி, முழுப் பட்டியலாவது கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. லிஸ்ட் என்ற கிளாஸுக்கு டிர்(லிஸ்ட்) போட்டுப் பாருங்கள், மெத்தடைத் தேடும் கிளாஸ்களின் வரிசையைத் தரும் எம்ஆர்ஓ என்ற மெத்தட் அதில் இருக்காது. ஆனால் லிஸ்ட்.எம்ஆர்ஓ() என்று அழைத்தால் ஜம்மென்று ஓடும். அந்த மெத்தட் டைப் என்ற மெட்டாகிளாஸிலிருந்து (கிளாஸ்களுக்கே கிளாஸ்) வருகிறது, மெட்டாகிளாஸ் சமாசாரங்களை டிர்() காட்டாது. காரணம் புரிகிறது, கோபம் போகவில்லை. பரம்பரையைச் சொல்லும் மெத்தடே பட்டியலில் இல்லை என்றால் என்ன சொல்ல!

ரூபியில் மெத்தட்(:சேவ்).ஓனர் என்று கேட்டால் சொந்தக்கார கிளாஸைச் சொல்லிவிடும். நண்பர் கேட்டது அதைத்தான்.

அந்த எம்ஆர்ஓவைக் குறை சொல்ல மாட்டேன். 2003இல் பைத்தான் 2.3 வந்தபோது, டிலன் மொழிக்காக யோசித்த சி3 என்ற முறையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மெத்தடை எந்தெந்த கிளாஸில் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது அன்றிலிருந்து அந்த முறைப்படிதான். அது கைகொடுத்த ஒரு இடத்தைச் சொல்கிறேன். பைத்தானில் வெப்சைட் கட்ட உதவும் ஜாங்கோவில் எழுதி, கைமாறி வந்த ஒரு ப்ராஜெக்ட்டில், லாகின் செய்யாமலே ஒரு பக்கம் திறந்தது. கிளாஸைப் பார்த்தால் லாகின் கட்டாயம் என்று காவல் காக்கும் லாகின்ரிக்வயர்ட்மிக்சின் கண்ணுக்கு நேராக இருக்கிறது. ஒரு கிளாஸ் இன்னொன்றின் வாரிசா என்று சொல்லும் இஸ்சப்கிளாஸ்() போட்டால் ட்ரூ. எம்ஆர்ஓவை அச்சடித்ததும் குட்டு உடைந்தது. பெற்றோர் கிளாஸ்களை எழுதும் அடைப்புக்குறிக்குள், பக்கத்தைக் காட்டும் லிஸ்ட்வியூவை முதலிலும் மிக்சினை அடுத்ததாகவும் எழுதியிருந்தார்கள். அதனால் வரிசையில் வியூ முன்னால், மிக்சின் பின்னால். வியூவின் டிஸ்பாட்ச் மெத்தட் சூப்பரை (வரிசையில் அடுத்த கிளாஸின் மெத்தடை) அழைக்காது, வேலையைத் தானே முடித்துவிடும். பூட்டு இருந்தும் அதை யாரும் தொடவே இல்லை. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றியதும் சரியாகிவிட்டது.

இஸ்சப்கிளாஸ் உறவு உண்டா என்று மட்டும்தான் சொல்லும், யார் முந்தி என்பது அதற்குத் தெரியாது. சில நேரம் அந்த உறவுக் கணக்கே இடிக்கும். லிஸ்ட்டுக்கு ஆப்ஜெக்ட் என்ற கிளாஸ் மூதாதை. அந்த ஆப்ஜெக்ட்டை ஹாஷபிளா (ஹாஷ் மெத்தட் உள்ளதா) என்று இஸ்சப்கிளாஸிடம் கேட்டால் ட்ரூ. லிஸ்ட்டைக் கேட்டால் ஃபால்ஸ். அங்கே ஹாஷபிள் என்ற ஏபிசி (அப்ஸ்ட்ராக்ட் பேஸ்) கிளாஸ் வம்சத்தைப் பார்ப்பதில்லை, ஹாஷ் மெத்தட் உண்மையில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. நடைமுறைக்கு இது நியாயமே. ஆனால் புதிதாக வருபவருக்கு விளக்க ஒரு டீ போதாது.

ஆப்ஜெக்ட்டில் ஒரு பெயர் இருக்கிறதா என்று சொல்லும் ஹாஸ்ஆட்டர்() தனிக்கதை. இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கத்தான் கேட்கிறோம், அது கதவைத் திறந்து உள்ளேயே போய்விடும். ப்ராப்பர்ட்டியாக இருந்தால் அதன் கோடு ஓடும். ஜாங்கோவில் ஒன்டூஒன் உறவின் மறுபக்கத்தை இப்படிக் கேட்டால் டேட்டாபேஸுக்கே ஒரு குவரி போகலாம். பைத்தான் 2 காலத்தில் உள்ளே எந்த எரர் வந்தாலும் விழுங்கிவிட்டு ஃபால்ஸ் என்றது. 3.2இல்தான் அந்தப் பெயரே இல்லை என்று சொல்லும் ஆட்ரிப்யூட்எரரை மட்டும் பிடிக்கும்படி திருத்தினார்கள். எதையும் ஓட்டாமல் பார்க்க இன்ஸ்பெக்ட் மாட்யூலில் கெட்ஆட்டர்_ஸ்டாடிக் இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஹெல்ப்()தான். ஆரம்பத்தில் பக்கம் பக்கமாக ஓடுகிறதே என்று ஒதுக்கியிருந்தேன். ஒரு கிளாஸைக் கொடுத்தால் மேலேயே தேடல் வரிசையைப் போட்டுவிட்டு, எந்த மெத்தட் எந்த கிளாஸிலிருந்து வந்தது என்று தலைப்பு வைத்துப் பிரித்தே காட்டுகிறது. அதே விவரம் கோடில் வேண்டுமென்றால் இன்ஸ்பெக்டின் கிளாசிஃபை_கிளாஸ்_ஆட்டர்ஸ் ஒவ்வொரு பெயருக்கும் சொந்தக்கார கிளாஸைத் தருகிறது. அவசரத்துக்கு மெத்தடின் குவால்நேம் (கிளாஸ் பெயரோடு சேர்ந்த முழுப்பெயர்) போதும். ஆனால் மெத்தடைச் சுற்றி இன்னொரு ஃபங்ஷனைப் போர்த்தும் டெக்கரேட்டரை எழுதியவர், மூலப்பெயரைக் காப்பாற்றும் ஃபங்டூல்ஸ் ராப்ஸை விட்டிருந்தால் அது உள்ளே இருக்கும் ராப்பரின் பெயரைச் சொல்லும்.

ஆக, வேண்டியதெல்லாம் பைத்தானில் இருக்கிறது, அப்புறம் ஏன் புலம்பல் என்று கேட்பீர்கள். எல்லாம் இருந்தும் ஷெல்லைத் திறந்ததும் கை தானாகத் தட்டுவது டிர்()ஐத்தான். அது இன்னும் பெயர்களைக் கொட்டிவிட்டுச் சும்மா இருக்கிறது. எம்ஆர்ஓவில் வரிசையாக நடந்து, ஒவ்வொரு கிளாஸிலேயே எழுதியிருக்கும் பெயர்களைத் தரும் வார்ஸ்()ஐப் பார்த்து, பெயரோடு சொந்தக்காரரையும் அச்சடிக்கும் சின்ன ஃபங்ஷன் ஒன்றை, ஷெல் திறக்கும்போதே ஓடும் பைத்தான்ஸ்டார்ட்அப் ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நண்பருக்கும் அனுப்பினேன். மதிப்பெண் கேட்டால், எம்ஆர்ஓவும் ஹெல்ப்பும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இன்றைய மனநிலையில் பத்துக்கு நாலுதான். அந்த ஃபங்ஷனை நான் எழுத வேண்டியிருந்ததற்கே ஒரு மார்க் குறைத்திருக்கிறேன்.