அடிபட்டு வந்த ஃபௌஜிக்கு (ராணுவ வீரருக்கு) எது பெட்டர்: எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவா, பிடபிள்யூடி (மாற்றுத்திறனாளி) கோட்டாவா?

டியூட்டியில காயமாகி போர்டு அவுட் ஆகி (மெடிக்கல் போர்டு இனி சர்வீஸுக்கு முடியாதுன்னு அனுப்பி) ஊருக்கு வர்ற பசங்க முக்காவாசி பேரு எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவ மட்டும்தான் பாக்குறாங்க. சர்வீஸ் முடிக்காம வந்துட்டோமே, நம்மள சேப்பாங்களான்னு வேற பயம். காயம் சர்வீஸாலதான் வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டு டிசெபிலிட்டி பென்ஷனோட அனுப்பியிருந்தா நீங்களும் எக்ஸ்-சர்வீஸ்மேன்தான்.

இந்த கோட்டா சென்ட்ரல் கவர்மென்ட் குரூப் சி-ல 10%, பேங்க் கிளார்க்குல 14.5%, அதுக்குள்ள 4.5% ஊனமான முன்னாள் வீரர்களுக்கும் போர்ல இறந்தவங்க குடும்பத்துக்கும்னே ஒதுக்கினது. கிளார்க் வேலை போதும்னா என் ஓட்டு கண்ண மூடிட்டு இதுக்குத்தான். ஆனா மேல போக விடாது, பிஓ (பேங்க் ஆபீசர்) எக்ஸாம்ல இந்த ரிசர்வேஷனே இல்ல.

பிடபிள்யூடி-ல 2016 சட்டப்படி 4%, குரூப் ஏ, பி, பிஓ எல்லாத்துலயும் உண்டு. வயசுலயும் இதான் லாபம், நாலு வருஷ சர்வீஸ்ல அடிபட்டு வந்தவனுக்கு எக்ஸ்-சர்வீஸ்மேன் கணக்குல சர்வீஸ் பிளஸ் மூணு, மொத்தம் ஏழு வருஷம்தான் தளர்வு, இங்க பத்து.

சிக்கல் எங்கன்னா 40% ஊனம் வேணும், அதுவும் கவர்மென்ட் ஆஸ்பத்திரி போர்டு குடுக்குற சர்டிஃபிகேட்ல. ஆர்மியில 20% இருந்தாலே ரவுண்ட் பண்ணி 50-ன்னு பென்ஷன் போடுவாங்க, அது பென்ஷனுக்கு மட்டும்தான், அந்த 50-ஐ நம்பி இங்க வந்து நிக்காதீங்க. அப்புறம் அந்த போஸ்ட் உங்க ஊனத்துக்கு ஏத்ததுன்னு லிஸ்ட்ல இருக்கணும், கால் போனவருக்கு ஓகேன்னு இருக்குறது கண் போனவருக்கு இல்லாம போகலாம்.

டிகிரி விஷயத்துல ரெண்டு பக்கமும் இடிதான். 15 வருஷ சர்வீஸ் இருந்தா குரூப் சி-க்கு பட்டதாரின்னு எடுத்துக்குவாங்க, பாதியில வந்தவனுக்கு அது கிடையாது, அதனால கரெஸ்லயாவது (அஞ்சல்வழியிலயாவது) ஒரு டிகிரி முடிச்சிடுங்க தம்பி.

ஊனம் 40%-க்கு குறையாம இருந்து டிகிரியும் கையில இருந்தா பிடபிள்யூடி-ல பிஓ, சிஜிஎல் (சென்ட்ரல் கவர்மென்ட் வேலைக்கு டிகிரி லெவல் எக்ஸாம்) ட்ரை பண்ணுங்க, 40% வரலன்னா டிகிரிய முடிச்சிட்டு எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டால பேங்க் கிளார்க். எக்ஸ்-சர்வீஸ்மேன் ரிசர்வேஷன் ஒரு சிவில் வேலையில சேந்துட்டா அதோட முடிஞ்சுது, சேரும்போதே வேற எந்தெந்த எக்ஸாமுக்கு அப்ளை பண்ணியிருக்கீங்கன்னு டிக்ளரேஷன் குடுத்தா அதுங்களுக்கு மட்டும் செல்லும். இத யாரும் தேடி வந்து சொல்ல மாட்டாங்க, ஜாயினிங் அன்னிக்கே எழுதிக் குடுத்து சீல் வெச்ச காப்பி வாங்கிக்கோங்க.