கல்லடியில் ஒரு கேம் சேர்வர்: ஏழு வருட அப்லோட் அனுபவம்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் பழைய கொம்பியூட்டர் ஒன்று ஏழு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 என்ற சுடும் விளையாட்டின் சேர்வர், அதாவது இணையத்தில் சேர்ந்து ஆடுகிற எல்லாரையும் இணைக்கும் புரோகிராம். பிறகு மருமக்களுக்காக மைன்கிராஃப்ட் சேர்வர் ஒன்றும் சேர்ந்துகொண்டது. விளையாட வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்த பொடியன்மார்தான். காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனையிலிருந்து வருவார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலையிலிருந்தும் ஒருவன் வருவான். இத்தனை வருடத்தில் நான் அதிக நேரம் செலவழித்தது பேண்ட்வித் அமைப்புகளோடுதான், அதாவது லைனால் செக்கனுக்கு எவ்வளவு தரவு போகலாம் என்ற கணக்குகளோடுதான்.

தொடங்கும்போது இருந்தது டெலிபோன் கம்பியில் வரும் ஏடிஎஸ்எல் இணைய லைன். டவுன்லோட் தாராளமாக வரும், ஆனால் அப்லோட், அதாவது வெளியே அனுப்பும் வேகம், அளந்து பார்த்தால் செக்கனுக்கு 800 கிலோபிட்டில் நிற்கும். விளையாடுகிறவனுக்கு அது போதும். சேர்வர் வைத்திருக்கிறவனுக்கு அப்லோட்தான் எல்லாம். பத்துப் பேர் ஆடினால், ஒவ்வொருவனுக்கும் மற்ற ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று செக்கனுக்குப் பல தடவை அனுப்ப வேண்டும். அவ்வளவும் என் வீட்டு லைனால் வெளியே போக வேண்டும்.

அப்போது எனக்கு இது விளங்கவில்லை. யாரோ கொடுத்த கொன்பிக்கை, அதாவது அமைப்புக் கோப்பை, அப்படியே போட்டேன்: எஸ்வி_மக்ஸ்ரேட் (ஒரு ஆளுக்குச் செக்கனுக்கு அனுப்பக்கூடிய தரவின் உச்சம்) 25000, எஸ்வி_மக்ஸ்அப்டேட்ரேட் (செக்கனுக்கு அனுப்பக்கூடிய பக்கெட்டுகளின், அதாவது சிறு தரவுப் பொதிகளின், உச்சம்) 100. எண் பெரிதாக இருந்தால் ஆட்டம் வழுக்கிக்கொண்டு போகும் என்று நம்பினேன். மூன்று பேர் இருக்கும்வரை அப்படித்தான் இருந்தது. ஏழாவது எட்டாவது ஆள் வந்ததும் எல்லாரும் விட்டுவிட்டுத் துள்ளினார்கள். “மச்சான், நான் சுடுறதெல்லாம் எங்க போகுது?” என்று கொக்கட்டிச்சோலைக்காரன் ஒவ்வொரு இரவும் கேட்பான்.

விடை ஒரு பெருக்கலில் இருந்தது. அந்த 25000 என்பது பைட். ஒரு பைட்டில் எட்டு பிட், ஆகவே எட்டால் பெருக்கினால் ஒரு ஆளுக்கு 200 கிலோபிட். நான்கு பேர் முழுதாக இழுத்தாலே என் 800 தீர்ந்துவிடும். பைட்டையும் பிட்டையும் குழப்பிக்கொண்டதால் எனக்குப் பல மாதங்கள் போயின. புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு மக்ஸ்ரேட்டை 8000 ஆக்கினேன். பத்துப் பேருக்கும் சேர்த்து 640 கிலோபிட், லைனுக்குள் அடங்கும். ஆனால் அப்டேட்ரேட்டை 100 இலேயே விட்டுவிட்டேன். லைனின் நிலையை ஆட்டத் திரையில் காட்டும் நெட்_கிராஃப் 3 போட்டுப் பார்த்தால் சோக் என்ற இடத்தில் எண் ஏறிக்கொண்டே போனது. அங்கே லொஸ் என்று இருந்தால் பக்கெட் வழியில் தொலைந்தது என்று அர்த்தம். சோக் என்றால் சேர்வர் அனுப்ப நினைத்தும் ரேட் இடம் கொடுக்காததால் அனுப்பவில்லை. முன்னதற்கு லைனைப் பார்க்க வேண்டும், பின்னதற்கு அமைப்பைப் பார்க்க வேண்டும். 8000 பைட்டை நூறாக வெட்டினால் ஒரு பக்கெட்டுக்கு 80 பைட்தான் வரும், பத்துப் பேர் ஆடும் ஆட்டத்துக்கு அது எப்படிப் போதும்? அப்டேட்ரேட்டை 30 ஆக்கியதும் ஒரு பக்கெட்டுக்கு 266 பைட் கிடைத்தது. சோக் அநேகமாகப் பூச்சியத்துக்கு வந்துவிட்டது. செக்கனுக்குத் தவறாமல் வருகிற 30 பக்கெட், இடையிடையே அறுந்து வருகிற 100 ஐ விட எவ்வளவோ நல்லது. ரேட்டையும் அப்டேட்ரேட்டையும் தனித்தனியாக மாற்றவே கூடாது, இரண்டும் ஒரே கணக்கு.

ஒரு ஆளுக்கு அனுப்பும் தரவின் குறைந்தபட்ச அளவான எஸ்வி_மின்ரேட்டிலும் ஒரு தடவை கைவைத்தேன். எல்லாருக்கும் நல்லதைக் கொடுப்போம் என்று அதைக் கூட்டிப் போட்டேன். பைபர், அதாவது ஒளியிழை லைன், வைத்திருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை, டொங்கிள் என்ற மொபைல் இணையக் கருவியில் வருகிறவர்களுக்கு லொஸ் கூடியது. அவர்கள் தங்கள் பக்கத்தில் ரேட்டைக் குறைத்து வைத்திருந்தும் சேர்வர் வலிந்து திணித்ததுதான் காரணம். அதே இரவில் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். லைன் மெலிந்தவனுக்குத் தன் அளவைத் தானே தீர்மானிக்க இடம் விட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு வியாதி மிச்சம் இருந்தது. கட்டாரில் இருக்கும் அத்தானுக்கு அக்கா வீடியோ அனுப்பத் தொடங்கினால் எல்லாருடைய பிங்கும், அதாவது பக்கெட் போய்வர எடுக்கும் நேரமும், 40 மில்லிசெக்கனிலிருந்து 700 க்குப் போகும். இதற்குச் சேர்வரில் எந்த எண்ணை மாற்றியும் பலனில்லை, ஏனென்றால் நெரிசல் ரவுட்டரில். வீடியோவின் பக்கெட்டுகள் நீளமாக வரிசை கட்டி நிற்க, கேமின் சின்னப் பக்கெட் அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. கத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012 இல் கோடெல் என்ற முறையை வெளியிட்டதே இந்த வரிசையைக் கட்டுப்படுத்தத்தான். அந்த வழியில் வந்த கேக் என்ற முறை, ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டரில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் கிடைக்கிறது. அதை நிறுவி, அப்லோட்டை 680 என்று, அதாவது லைனின் 85 சதவீதம் என்று கொடுத்தேன். ஏடிஎஸ்எல் என்பதால் ஓவர்ஹெட், அதாவது ஒவ்வொரு பக்கெட்டோடும் லைனில் கூடிப் போகும் மேலதிக பைட், 44 என்று கொடுத்தேன். கொஞ்ச வேகத்தை விட்டுக்கொடுத்தால் வரிசை ரவுட்டரின் கைக்குள் வந்துவிடும். அன்றிலிருந்து அக்கா எப்போது அனுப்பினாலும் ஆட்டம் கலையவில்லை. ஏழு வருடத்தில் நான் செய்த ஆகச் சிறந்த மாற்றம் இதுதான். பைபருக்கு மாறிய பிறகும் புதிய அளவுகளோடு அப்படியே வைத்திருக்கிறேன்.

மைன்கிராஃப்டில் இப்படி ரேட் என்று ஒன்று இல்லை. அங்கே வியூ-டிஸ்டன்ஸ்தான், அதாவது சுற்றி எத்தனை சங்க் (நிலத்துண்டு) தூரம் அனுப்புவது என்ற எண்தான், திறப்பு. வழமையாக 10 இருக்கும். அப்படியென்றால் ஒரு பிள்ளையைச் சுற்றி 21 க்கு 21, மொத்தம் 441 சங்க் அனுப்ப வேண்டும். 6 ஆக்கினால் 169 தான். ஐந்து மருமக்களும் ஒரே நேரத்தில் ஓடித் திரிந்தாலும் தாங்குகிறது. எத்தனை பைட்டிலிருந்து பக்கெட்டைச் சுருக்கி அனுப்புவது என்ற கம்ப்ரஷன் எல்லையை 256 இலேயே விட்டுவிடுங்கள். அதை -1 ஆக்கி மூடியபோது அப்லோட் சட்டென்று ஏறியது.

நடுவில் சில மாதங்கள் லைன் பழுதாகி 4ஜி ரவுட்டரில் இருந்தேன். வெளியிலிருந்து சேர்வருக்கு வரும் வாசலான போர்ட் 27015 ஐ ரவுட்டரில் திறந்தும் யாராலும் உள்ளே வர முடியவில்லை. ரவுட்டரின் வெளி முகவரி 100.64 இல் தொடங்கியபோதுதான் எனக்கென்று பொது ஐபி இல்லை, பலரோடு பகிர்ந்த முகவரி என்று தெரிந்தது. அதற்குள் எந்த அமைப்பும் உதவாது. சிங்கப்பூரில் மாத வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்தேன். அங்கே பேண்ட்வித்துக்குக் குறைவில்லை, ஆனால் தூரம் சுமார் 2,500 கிலோமீட்டர். இழையில் ஒளி நேராகப் போய்வரவே 25 மில்லிசெக்கன் வேண்டும், உண்மையில் எங்களுக்கு அதைவிடப் பல மடங்கு வந்தது. பைபர் கிடைத்ததும் வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

இப்போது மக்ஸ்ரேட் 20000, அப்டேட்ரேட் 60. ஆளுக்கு ஒரு பக்கெட்டுக்கு 333 பைட் வருகிறது. கொக்கட்டிச்சோலைக்காரன் மட்டும் தன் பக்கத்தில் ரேட் 6000, சிஎல்_அப்டேட்ரேட் 20 என்று வைத்திருக்கிறான். மழைக்காலத்தில் அவன் பக்கம் சிக்னல் விழும், லொஸ் ஐந்து ஆறு என்று காட்டும். அதற்கு என்னிடம் இன்னும் மருந்து இல்லை. ஆனாலும் இரவு ஒன்பதரைக்கு முதலில் உள்ளே வருகிறவன் அவன்தான்.