மேலே பாலமா, கீழே சுரங்கப்பாதையா?

நெடுஞ்சாலையை விலங்குகள் கடக்க எதைக் கட்டலாம் என்று குழம்புபவர்களுக்காக இது.

செலவு: விலங்குகள் சாலைக்கு மேலே கடக்கிற மேம்பாலத்துக்கு எக்கச்சக்கம், காடு போலத் தெரிய அதன் மேல் கொட்டுகிற மண்ணையும் வளர்க்கிற மரங்களையும் தாங்க வேண்டுமே.
சுரங்கப்பாதை பொதுவாக மலிவு. ஓடைப்பாலம் இருந்தால் அதையே அகலப்படுத்தலாம்.

யார் வருவார்கள்: விஷயமே இதில்தான் இருக்கிறது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் 6 மேம்பாலங்கள், 38 சுரங்கப்பாதைகள். கிரிஸ்லி கரடியும் எல்க் மானும் வானம் தெரிகிற மேம்பாலத்தை விரும்ப, கருங்கரடியும் பூமா என்கிற பெரிய காட்டுப்பூனையும் குறுகலான சுரங்கப்பாதையில் நுழைகின்றன. பழகச் சில வருடம் பிடிக்கும், திறந்த மறுநாளே கேமராவில் தேடாதீர்கள். நம் நாட்டில், மத்தியப் பிரதேச-மகாராஷ்டிர எல்லையிலுள்ள பெஞ்ச் புலிக் காட்டுப் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் சாலையையே தூண்கள் மேல் தூக்கிவிட்டார்கள், அடியில் புலி நடக்கிறது.

பராமரிப்பு: கீழே மழைநீரும் சேறும் தேங்கும்.
மேலே செடிகள் காயாமல் பார்க்க வேண்டும்.

விலங்குகள் சாலையில் ஏறாமல் இந்த வழிக்கே வர, சாலையோரம் வேலி போடாவிட்டால் இரண்டுமே வீண். பான்ஃபில் வேலியோடு சேர்ந்துதான் விலங்குகள் மீதான வாகன மோதல் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

சரி, எது? ஓடை, பள்ளம் குறுக்கிட்டால் சுரங்கப்பாதை. மேட்டை வெட்டிக்கொண்டு சாலை போனால் மேம்பாலம். விலங்குகள் கடக்காத இடமென்றால் இரண்டுமே வேண்டாம்.