அடுப்பை எங்க வைக்கணும்னு கேட்க ஆள் பிடிச்சோம்: கிச்சன் பிளானிங் சர்வீஸ் ரிவ்யூ

பழைய சமையல் ரூமை இடிச்சுக் கட்டலாம்னு முடிவானதும், பிளான் மட்டும் போட்டுத் தர்ற ஒரு டிசைன் சர்வீஸ்கிட்ட போனோம். கபோர்டு, சிம்னி எதுவும் அவங்க விக்கறதில்ல, வீட்டுக்கு வந்து அளவெடுத்து வரைஞ்சு கொடுத்துட்டுப் போயிடுவாங்க, அதை வெச்சு நாம யார்கிட்ட வேணா செஞ்சுக்கலாம். அதுல சமைக்க ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு. பேர் சொல்லல, ஏன்னா பாராட்டவும் போறேன் திட்டவும் போறேன்.

பாராட்டு முதல்ல. அளவெடுக்க வந்த பொண்ணு டேப்பை வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி "நீங்க எப்பவும் போல சமைங்க மேடம், நான் ஓரமா நிக்கறேன்"னு சொல்லிட்டா. அரை மணி நேரம் நின்னு பார்த்துட்டு அவ கேட்ட ஒரே கேள்வி, "இறக்கின பாத்திரத்தை எங்க வைப்பீங்க?" எனக்கு பதிலே வரல, ஏன்னா பழைய கிச்சன்ல அடுப்பு மூலையில சுவத்தை ஒட்டி இருந்துச்சு, வலது பக்கம் முழங்கை இடிக்கும், இடது பக்கம் மிக்ஸி, அதனால கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ரெண்டு அடி நடந்துபோய் சிங்க் ஓரத்துல வைப்பேன், இத்தனை வருஷம் அதை ஒரு குறையாவே நினைச்சதில்ல. அமெரிக்காவுல நேஷனல் கிச்சன் அண்ட் பாத் அசோசியேஷன்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க கைட்லைன்படி அடுப்புக்கு ஒரு பக்கம் குறைஞ்சது 12 இன்ச், இன்னொரு பக்கம் 15 இன்ச் காலி மேடை வேணுமாம். அவ அதை வெச்சுத்தான் வரைஞ்சா. கபோர்டு கலர், கைப்பிடி டிசைன்னு நாங்க வாரக்கணக்கா மண்டையை உடைச்சோம், இப்ப அதெல்லாம் கண்ணுலயே படல, தினமும் கைக்கு உதவறது அந்த 15 இன்ச்தான்.

அடுத்தது உயரம். நிக்க வெச்சு முழங்கையை மடக்கச் சொல்லி தரையிலேர்ந்து அளந்தா, எனக்கு 97 செ.மீ., எங்க வீட்டுக்காரருக்கு 110. நறுக்கற மேடை முழங்கைக்கு 10 லேர்ந்து 15 செ.மீ. கீழ இருக்கணும், அடுப்பு அதுக்கும் கொஞ்சம் கீழ இருந்தா நல்லது, ஏன்னா பாத்திரத்தோட உயரமும் சேர்ந்து கை மேல போயிடும். ரெடிமேடா வர்றது பெரும்பாலும் 90 செ.மீ.தான். எங்களுக்கு அடுப்புப் பக்கம் 82, சிங்க் பக்கம் 90னு ரெண்டு லெவலாப் போட்டாங்க. படி விழற இடத்தை அடுப்பை ஒட்டி வைக்காம, காலி மேடையெல்லாம் முடிஞ்சப்புறம் வெச்சா, அதனால சூடான பாத்திரத்தை அப்படியே நகர்த்திடலாம். தோள் வலி நின்னுபோச்சு. ஆனா அந்தப் படி ஓரத்துல அழுக்கு சேருது பாருங்க, துடைச்சுத் துடைச்சு எனக்கு வெறுப்பாயிடுச்சு, இதை யாரும் முன்னாடியே சொல்லல.

ஜன்னலுக்கு நேரா அடுப்பு வேணும்னு நான் அடம்பிடிச்சேன், வெளிய பார்த்துக்கிட்டே சமைக்கலாமேன்னு ஆசை. அவ ஒத்துக்கவே இல்ல. காத்துல தீ அலையும், ஜன்னலை மூடணும்னா எரியற அடுப்புக்கு மேல கையை நீட்டணும், வேணாம் மேடம்னுட்டா. கோவம் வந்துச்சு, நம்ம காசு நம்ம ஜன்னல்னு. இப்ப அங்க சிங்க் இருக்கு, பாத்திரம் தேய்க்கறப்பதான் அதிக நேரம் வெளிய பாக்கறேன்னு இப்பதான் புரியுது.

சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் மூணையும் முக்கோணமா வைக்கற கணக்கு கேள்விப்பட்டிருப்பீங்க, 1940கள்ல இல்லினாய் யூனிவர்சிட்டில வந்தது. ஒவ்வொரு பக்கமும் 4 லேர்ந்து 9 அடி, மொத்தம் 26 அடியைத் தாண்டக்கூடாது. எனக்கு இது பெரிய விஷயமாத் தோணல. ஒருத்தர் மட்டும் சமைக்கற வீட்டுக்கு சரி, ரெண்டு பேர் நின்னா முக்கோணத்துக்குள்ள முட்டிக்கறதுதான் மிச்சம். நடைபாதை அகலம்தான் முக்கியம், ஒருத்தருன்னா 42 இன்ச், ரெண்டு பேருன்னா 48. எங்க ரூமுக்கு 44 தான் வந்துச்சு, சண்டையில்லாம ஓடுது.

இவங்க சொன்னதுலயே பெஸ்ட், காசே ஆகாதது: தரையில மாஸ்கிங் டேப் ஒட்டி மேடை வர்ற இடத்தைக் குறிச்சு, அட்டைப்பெட்டியை அடுக்கி, கையில காலிப் பாத்திரத்தோட நடந்து பாக்கறது. ஓவன் கதவு திறந்தா எவ்வளவு தூரம் வரும்னும் டேப் போட்டோம். எங்க வீட்டுக்காரர் "பாண்டி ஆடப்போறியா"ன்னு சிரிச்சாரு, அப்புறம் ஓவன் கதவு திறந்திருந்தா ஃபிரிட்ஜ் கதவு திறக்க முடியலன்னு கண்டுபிடிச்சதே அவர்தான்.

இப்ப திட்டு.

3டி படம் அனுப்பினாங்க, அவ்வளவு அழகு, சிம்னி பளபளன்னு தொங்குது, ஆனா புகை எந்த வழியா வெளிய போகும்னு ஒரு கோடு கூட இல்ல. நாங்களும் கேக்கல. ஃபிட்டர் வந்து 150 மி.மீ. பைப்பை ரெண்டு இடத்துல வளைச்சு, சுவத்துல ஏற்கனவே இருந்த 100 மி.மீ. ஓட்டையில சொருகிட்டுப் போயிட்டாரு. 100க்கும் 150க்கும் கொஞ்சம்தானே வித்தியாசம்னு தோணும், ஆனா பரப்பளவு பாதிக்கும் கீழ குறைஞ்சிடுது. ரூமோட கன அளவை 10ஆல பெருக்கினா மணிக்கு எவ்வளவு காத்து இழுக்கணும்னு ஒரு தோராயக் கணக்கு வரும், எங்க ரூம் 3க்கு 3, உயரம் 2.8 மீட்டர், அப்ப சுமார் 250 கன மீட்டர். சிம்னி பெட்டியில 1000னு போட்டிருந்தான், என்ன பிரயோஜனம், இரைச்சல்தான் வந்துச்சே தவிர எண்ணெய்ப் புகை அங்கயே நின்னுச்சு. டைல்ஸ் ஒட்டினப்புறம் சுவத்தை மறுபடி துளைச்சோம், அந்தத் தூசி ஒரு வாரம் போகல. போன் பண்ணிக் கேட்டா, "வரையறதுதான் எங்க வேலை, பைப் ஃபிட்டரோட வேலை"ன்னாங்க. அப்ப அந்த சிம்னியை எதுக்கு வரைஞ்சீங்க?

இன்னொண்ணு, படத்துல மேல் கபோர்டும் சிம்னியும் ஒரே கோட்டுல வரணும்னு சிம்னியை அடுப்புலேர்ந்து 55 செ.மீ. உயரத்துல போட்டிருந்தாங்க. சிம்னியோட மேனுவலைப் பிரிச்சா, கேஸ் அடுப்புன்னா குறைஞ்சது 65னு இருக்கு. நல்லவேளை மாட்டறதுக்கு முன்னாடி பார்த்தோம். கேஸ் வால்வையும் ட்ராயருக்குப் பின்னாடி வரைஞ்சிருந்தாங்க, அவசரத்துக்கு ட்ராயரைக் கழட்டிக்கிட்டா இருக்க முடியும், நாங்களே பக்கத்துக் கபோர்டுக்கு மாத்திட்டோம்.

கரண்ட் விஷயத்துல மட்டும் உஷாரா இருந்தாங்க. இப்ப கேஸ்னாலும் நாளைக்கு நாலு பர்னர் இண்டக்ஷன் வந்தா 7 கிலோவாட்டுக்கு மேல இழுக்கும், 32 ஆம்பியர்ல தனி லைன் இப்பவே போட்டுடுங்கன்னு எழுதியே கொடுத்தாங்க. போட்டாச்சு, சும்மா கிடக்குது.

அடுப்புக்குக் கீழ கதவுக்குப் பதிலா ட்ராயர் போட்டது சூப்பர், குனிஞ்சு உள்ள தலையை விட்டுத் தேடற வேலை இல்ல.

5க்கு 3.5 கொடுப்பேன். மறுபடி கூப்பிடுவேனான்னா, அதே பொண்ணு வந்தா கூப்பிடுவேன், அதுவும் பைப், வால்வு, வயர் எல்லாம் சுவத்துக்குள்ள எப்படிப் போகுதுன்னு வரைஞ்சு கொடுத்தப்புறம்தான் மீதிக் காசுன்னு சொல்லிட்டு. எங்க வீட்டுல சிம்னி பைப்போட ஒரு வளைவை எடுக்க முடியல, இன்னும் அப்படியேதான் இருக்கு. சிம்னியை மூணாவது ஸ்பீடுல போட்டா பக்கத்து ரூம்ல டிவி கேக்காது, ரெண்டுலயே ஓட்டிக்கிட்டிருக்கோம்.