உடனே ஒன்றரை மணி நேரமா, மூன்று நாளா: எந்த ஆஃப்டர்கேர்?

கட்டிப்போடுவது, வலி, ஆதிக்கம் என்று சம்மதத்தோடு ஈடுபடும் பழக்கம்தான் பிடிஎஸ்எம். அதில் ஒருமுறை ஈடுபடுவது சீன், சீனுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் கவனித்துக்கொள்வது ஆஃப்டர்கேர். சான் பிரான்சிஸ்கோ பக்கத்து பிடிஎஸ்எம் வட்டங்களில் ஆஃப்டர்கேர் தேவையா என்று யாரும் வாதாடுவதில்லை. 1974-இல் தொடங்கிய சொசைட்டி ஆஃப் ஜேனஸ் இந்த ஊர் பிடிஎஸ்எம் அமைப்புதான். சாதாரண உடையில் உணவகத்தில் கூடிப் பேசும் மன்ச் வழக்கமும் தொண்ணூறுகளில் பக்கத்து பாலோ ஆல்டோவில் தொடங்கியதுதான். புதிதாக வருகிறவர்களுக்கு இங்கே முதலில் காதில் விழும் சொற்களில் ஆஃப்டர்கேரும் ஒன்று. அதை எப்போது செய்வது, எத்தனை நாள் செய்வது என்பதில்தான் ஆளுக்கொரு பழக்கம். நான் இரண்டு விதமாகவும் இருந்து பார்த்துவிட்டு ஒன்றில் நிலைத்தவள்.

முதல் வகை எல்லோருக்கும் தெரிந்தது. சீன் முடிந்ததும் சத்தமில்லாத ஒரு மூலை, போர்வை, தண்ணீர், ஏதாவது இனிப்பு, பக்கத்திலேயே டாப், அதாவது சீனை நடத்தியவர். கயிறு கட்டிய இடத்தில் விரல் மரத்திருக்கிறதா, தோல் எங்காவது கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இதில் சேர்த்தி. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆனதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது வகையில் அந்த மூலையில் அரை மணி நேரம் போதும். மீதியை அடுத்த மூன்று நாளுக்குப் பிரித்து வைத்துக்கொள்வது.

சரி, சப்ஸ்பேஸ் என்றால் என்ன என்று தெரியாமல் இந்த ஒப்பீடு புரியாது. பாட்டமாக, அதாவது டாப் செய்வதை ஏற்கிறவராக, இருப்பவருக்கு ஒரு கட்டத்தில் நேரம் மறந்துபோகும், வலி தூரத்தில் எங்கோ நடப்பதுபோல் இருக்கும், வாயில் சொல் வராது. எனக்கு அது நீச்சல்குளத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு மேலே நடக்கும் பேச்சைக் கேட்பதுபோல. எல்லோருக்கும் இப்படி வரும் என்றில்லை, வருகிறவர்களுக்கும் ஒவ்வொரு முறையும் வருவதில்லை. வெளியே வரும்போது உடம்புச் சூடு இறங்கி நடுக்கம் எடுக்கும். போர்வை அதற்குத்தான்.

நார்தர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2017-இல் வெளிவந்தது. இரண்டு பாத்திரமும் பழகிய 14 பேரைக் குலுக்கல் முறையில் டாப், பாட்டம் என்று பிரித்து ஏழு சீன்கள் நடத்தினார்கள். கூடவே ஸ்ட்ரூப் சோதனையும் வைத்தார்கள். ‘சிவப்பு’ என்ற சொல் நீல மையில் அச்சாகியிருக்கும், படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் சொல்ல வேண்டும். சீனுக்குப் பிறகு பாட்டம்கள் அதில் தடுமாறினார்கள். யோசித்துத் தீர்மானிக்கிற நெற்றிப்பக்க மூளை கொஞ்ச நேரம் வேகம் குறைவதோடு இது பொருந்துகிறது என்றார்கள். 14 பேரை மட்டும் வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான். ஆனால் என் அனுபவத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது.

அந்த மூளையிடம் “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் பதில் வரும். பொய் சொல்வதில்லை, அந்த நிமிடத்தில் நன்றாகத்தான் இருக்கும். சீன் நடுவில் புதிதாக எதற்கும் சம்மதம் கேட்கக் கூடாது என்ற விதியும் இதனால் வந்ததுதான். சம்மதத்துக்கு நம்ப முடியாத வாயை, நலம் விசாரிக்கும்போது மட்டும் எப்படி நம்புவது?

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு சனிக்கிழமை இரவு, அருமையான சீன். ஒன்றரை மணி நேரம் டாப் என்னை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். காரோட்டுகிற நிலையில் நான் இல்லை என்று தோழி ஒருத்தி என்னை என் வீட்டில் கொண்டுவந்து விட்டாள். ஞாயிறு முழுக்க மிதந்துகொண்டிருந்தேன். திங்கள் காலை அலுவலகத்தில் ஒரு சாதாரண மின்னஞ்சலைப் படித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வேலைப் பளு என்றே நினைத்தேன். புதன்கிழமைதான் மன்ச்சில் பழக்கமான மதுரைக்கார அக்கா ஒருவர் போன் செய்தார். நல்லா இருக்கேன் என்றேன். விடவில்லை.

“காலையில என்ன சாப்பிட்ட?”

“காபி.”

“நேத்து ராத்திரி?”

யோசித்துப் பார்த்தால் அதற்கும் காபிதான். அப்புறம்தான் அவர் இது டிராப், சீனுக்குப் பிறகு வரும் சரிவு, என்றார். சீனில் ஏறிய அட்ரினலினும் எண்டார்ஃபினும் இறங்கும்போது மனமும் சேர்ந்து இறங்குகிறது என்று பொதுவாக விளக்குவார்கள். அதோடு, அத்தனை நெருக்கத்துக்குப் பிறகு திடீரென்று தனியாகிவிடுவதும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். எப்படியோ, அது வந்த நேரத்தில் என் பக்கத்தில் யாருமில்லை. டாப் மேல் குற்றமில்லை. கடமை சனிக்கிழமையே முடிந்தது என்று இருவருமே நினைத்திருந்தோம்.

அதற்குப் பிறகு சீனுக்கு முந்தைய பேச்சுவார்த்தையிலேயே மூன்று நாளையும் பேசி வைத்துவிடுகிறோம். அன்றிரவு போர்வை, உப்புப் போட்ட மோர், காயம் பார்ப்பது. சாக்லேட் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஞாயிறு ஒரு குறுஞ்செய்தி. திங்கள் மதியம் ஒரு மணிக்குப் போன், செவ்வாய் இரவு இன்னொன்று. போனில் “எப்படி இருக்க?” கிடையாது. என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், சீனில் எந்த இடம் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது, இவைதான் கேள்விகள். கடைசிக் கேள்விக்கான பதில் சனிக்கிழமை இரவு எனக்கே தெரிந்திருக்காது. ஒருமுறை திங்கள்கிழமைதான், ஒரு குறிப்பிட்ட வசவுச் சொல் எனக்கு வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

முதல் வகையை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்தவரோடு ஒரே ஒரு சீன் என்றால் அந்த ஒன்றரை மணி நேரம்தான் உங்கள் கையில் இருப்பது. அப்போது மீதி நாட்களுக்கு உங்கள் நண்பர் ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், டாப்தான் விசாரிக்க வேண்டும் என்றில்லை. சீன் முடிந்ததும் யாரும் தொடக் கூடாது, தனியாக விடுங்கள் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் போன் எல்லாம் தொந்தரவாகக்கூடத் தோன்றலாம். கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

டாப்களுக்கு வரும் டிராப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. நான் டாப்பாக இருந்தது நான்கைந்து முறைதான், ஒன்றும் வரவில்லை. ஆனால் போன மாதம் திங்கள்கிழமைப் போனில், என் பதில்களை எல்லாம் சொல்லி முடித்ததும், அதே கேள்வியை டாப்பிடம் திருப்பிக் கேட்டேன். காலையில் என்ன சாப்பிட்டீர்கள்? சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை என்றார். அந்த வாரம் செவ்வாய்க்கிழமைப் போனை நான் செய்தேன்.